பேசாத அண்ணன் தம்பியும் என் ஒட்டு மீசையும்

போன ஞாயிற்றுக்கிழமை கிளேபாங்கில் ஒரு நாடகம் பார்த்தேன். இளைஞர்கள் போட்ட நாடகம். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், கையில் டிக்கெட்டைத் திணித்து அழைத்துப் போனார்.

மேடையில் ஒரு வீடு. வீடு முழுக்கப் பழைய பேப்பர், பால் டின், கால் உடைந்த நாற்காலி. அதற்குள் இரண்டு கிழட்டு சகோதரர்கள். வெளியே வரமாட்டார்கள், எதையும் தூக்கி எறியமாட்டார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவும் மாட்டார்கள். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

பக்கத்து சீட்டுத் தம்பி என் பக்கம் சாய்ந்து, “சும்மா கதை விடுறாங்க ஆன்ட்டி. இப்படியெல்லாம் யாராவது இருப்பாங்களா?” என்றார்.

இருந்தார்கள் தம்பி. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இருந்தார்கள். அவர்களை நானும் ஒருமுறை மேடை ஏற்றியிருக்கிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், இருவரில் ஒருவராக நானே நடித்தேன் — மீசை ஒட்டிக்கொண்டு.

அவரிடம் இதைச் சொல்வதற்குள் அடுத்த காட்சி தொடங்கிவிட்டது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலம் அது. நாங்கள் கிளேபாங்குக்குப் பக்கத்தில் காஜா பெராங்கில் இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது, தமிழ்ப் பள்ளியில் டீச்சர். என்ன பாடம் என்கிறீர்களா? ஜப்பானியப் பாட்டு, ஜப்பானிய எண்கள். முதல் நாள் மாலை நான் படித்ததை மறுநாள் காலை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். இரண்டு வாரத்தில் பிள்ளைகள் என்னைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த மூன்றாவது வீட்டில் வேலாயுதமும் கோபாலும் இருந்தார்கள். அண்ணன் வேலாயுதம் ரப்பர் கிடங்கில் ஸ்டோர் கிராணியாக, அதாவது சரக்குக் கணக்கு எழுதுபவராக இருந்தவர். தம்பி கோபால் சிங்கப்பூரில் சைக்கிள் கடையில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் முன்வாசல் வழியாகப் போய் வருவார். தம்பி பின்வாசல். பதினோரு ஆண்டாக இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அவர்களுடைய அம்மா இறந்தபோது தம்பி சிங்கப்பூரில் இருந்தார். ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்து அவர் ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சாம்பலும் ஆறிவிட்டது. “ஏன் தந்தி அடிக்கல?” என்று தெருவே நடுங்கும்படி கத்தினார். அண்ணன் பதில் சொல்லவில்லை. அன்றோடு சரி.

அதற்குப் பிறகுதான் வீடு நிரம்ப ஆரம்பித்தது. அம்மாவின் சாமானை அண்ணன் தொட்டால் தம்பிக்குக் கோபம் வரும், தம்பி நகர்த்தினால் அண்ணனுக்குக் கோபம் வரும் என்று இருவரும் எதையும் தொடவில்லை. அம்மாவின் பெட்டியும் பாயும் கிடந்த நடுக்கூடம் அப்படியே நின்றுவிட்டது. எதையும் எறியக்கூடாது என்பது மெல்ல மெல்ல வழக்கமாகி, பிறகு வியாதியாகி... காலி புட்டி, கோணிச்சாக்கு, ஆணி, நூல்கண்டு, துணி, சைக்கிள் டயர் என்று கூடத்தின் இரு பக்கமும் கூரை வரை ஏறியது. அண்ணன் பக்கம் ஒரு மலை. தம்பி பக்கம் ஒரு மலை. நடுவே அம்மா.

நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம். வேறென்ன செய்வோம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்குப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள். புருஷன்மாரை சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே டவுனுக்கு வந்தவர்கள். சிலர் சாக்கைத்தான் உடுத்தியிருந்தார்கள். பள்ளியின் பின்கட்டில் தங்க வைத்தோம். மரவள்ளிக் கிழங்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். அதற்கும் ஒரு நாள் கிழங்கு இல்லை.

நாடகம் போடலாம் என்றேன். டிக்கெட் கிடையாது. வருகிறவர் ஆளுக்கு ஒரு கிழங்கு கொண்டு வர வேண்டும்.

பசி நேரத்தில் யாருக்கு நாடகம் பார்க்கத் தோன்றும்? சிரிக்க வைத்தால் வருவார்கள். எதைச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் மூன்றே நாளில் எழுதி முடித்தேன். பதுக்கி வைக்கும் அண்ணன், தம்பி. தம்பி வந்தால் வீட்டில் பங்கு கேட்பான் என்று தந்தியே அடிக்காத அண்ணன். கடைசியில் இருவரும் தங்கள் சாமான் மலை சரிந்து அதற்கடியிலேயே சாகிறார்கள். ஊர் வதந்தியை வைத்து எழுதியதுதான். பெயரை மட்டும் மாற்றினேன். அந்த வயதில் அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

நடிக்க ஆண்கள் கிடைக்கவில்லை. பாதிப் பேர் சயாமில், மீதிப் பேர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று வீட்டுக்குள். அண்ணனாக நடிக்க முன்வந்தவர் கம்போங் செட்டியைச் சேர்ந்த கைலாசம். நல்ல உயரம், நல்ல குரல். ஒரே சங்கடம் — பல தலைமுறையாக இந்த மண்ணிலேயே வாழ்ந்துவிட்ட செட்டிகள் அவர்கள், வீட்டில் பேசுவது மலாய். சாமி கும்பிடும்போது வரும் தமிழ்தான் அவருக்குத் தெரிந்த தமிழ். வசனத்தை மலாய் எழுத்தில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்தார். அர்த்தம் தெரியாமலே கோபப்பட்டார். பிரமாதமாகவும் கோபப்பட்டார். தம்பி வேஷத்துக்கு ஆள் இல்லாததால் அது என் தலையில் விழுந்தது. தேங்காய் நாரைக் கரியில் புரட்டினால் அருமையான மீசை.

நாடகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். வசனத் தாள்களை ராணுவ அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே மொழிபெயர்ப்பாளர் ஞானம் இருந்தார். முன்பு ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஜப்பானிய மொழியை ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டவர். தாள்களைப் படித்தார். சிரிக்கவில்லை.

“இந்த வீடு எங்க இருக்கு?” என்றார்.

“மேடையிலதான்” என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். ஜப்பானிய அதிகாரியே நேரில் வந்து நாடகம் பார்க்கப் போவதாகச் சொன்னார். பதுக்கல் என்றால் அவருக்கு ரொம்பவும் ஆர்வம் என்றும் சொன்னார்.

சில வாரங்களுக்கு முன்புதான் உப்பு மூட்டையை ஒளித்து வைத்ததாக ஒரு கடைக்காரரைப் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்தவர் நடக்க முடியாமல் கிடந்தார். என் நாடகத்தைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அதிகாரி யாரையாவது, எதற்கு இப்படிச் சிரிக்கிறீர்கள் என்று கேட்பார். யாராவது ஒருவர் எங்கள் தெருவை நோக்கிக் கையை நீட்டினால் போதும்.

நாடகத்தை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்பார்கள். பின்கட்டில் பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள்.

அன்று மாலையே தாள்களை எடுத்துக்கொண்டு வேலாயுதம் மாமாவின் முன்வாசலில் போய் நின்றேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். உங்களைப் பற்றித்தான் எழுதினேன், அது தப்பு, இப்போது ஆபத்தும் வந்துவிட்டது என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை நீட்டித் தாள்களை வாங்கிக்கொண்டார். மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் அதை வாங்கிக்கொண்டு சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் பின்வாசலில் கோபால் மாமாவிடம் கொடுத்தேன். அவரும் ஒரு நாள் வைத்திருந்தார்.

இருவரும் பென்சிலால் திருத்தியிருந்தார்கள். என்ன திருத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? தங்களைப் பற்றி எழுதியதை இருவருமே தொடவில்லை. தம்பி இவ்வளவு முரடன் இல்லை, குறைத்து எழுது என்று அண்ணன் குறித்திருந்தார். வீட்டுக்கு ஆசைப்படுகிற ஆள் இல்லை அண்ணன், அதை எடுத்துவிடு என்று தம்பி குறித்திருந்தார். தந்தி வசனத்தின் அடியில் மட்டும் அண்ணன் கோடு போட்டிருந்தார். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

நான் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு சந்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அடக் கடவுளே, இவர்களையா பார்த்துச் சிரித்தோம்!

ஆனால் ஆபத்து அப்படியேதான் இருந்தது. அதற்கு வழி சொன்னவரும் வேலாயுதம் மாமாதான். ஸ்டோர் கிராணி மூளை.

“அமிர்தம், வீட்டுக்குள்ள இருந்தாத்தான் அது பதுக்கல். மேடையில இருந்தா சீன் சாமான். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ” என்றார்.

எல்லாவற்றையுமா? எல்லாவற்றையும். நாடகம் முடிந்ததும் அந்தப் பெண்களுக்குக் கொடுத்துவிடு என்றார். சந்தைச் சுற்றிப் போய்த் தம்பியிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. அண்ணன் பக்கம் காலியானால் தன் பக்கமும் காலியாக வேண்டும் என்றார். போட்டியா, பாசமா? அந்த வீட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன.

நான்கு நாள் தூக்கினோம். பட்டப்பகலில், தெருவே பார்க்க. கம்போங் செட்டி ஆட்கள், எங்கள் பள்ளி டீச்சர்கள், கிளேபாங்கிலிருந்து வந்த மீன் வண்டிக்காரர் ஒருவர். யார் கேட்டாலும் “சீன் சாமான்” என்றோம். சாக்குக் கட்டு, காடாத்துணிச் சுருள், ஆணி டின்கள், நூல், ஊசி, அலுமினியப் பாத்திரம், சோப்பு, மண்ணெண்ணெய். ஒரு நூல்கண்டுக்கு ஊரே ஏங்கிக்கொண்டிருந்த காலம். அன்னாசி நாரைத் திரித்துத் துணி தைத்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் பக்கத்துத் திடலில் மேடையைச் சுற்றி இரண்டு மலையும் மறுபடி எழுந்தன.

நடுக்கூடத்தில் அம்மாவின் சாமானை மட்டும் யாரும் தொடவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நாடகம் டோக்கியோ நேரப்படி ஐந்து மணிக்கு. ஜப்பான்காரன் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருந்தான், நம் பழைய நேரத்துக்கு அது மூன்றரை மணி. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் கிழங்கு. முன்வரிசையில் அதிகாரி, பக்கத்தில் ஞானம். வலது ஓரத்தில் வேலாயுதம் மாமா. இடது பக்கம் கடைசியில் கோபால் மாமா. இருவரும் வந்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிறகு அடங்கியது.

கைலாசம் மேடையேறிய நிமிடத்திலிருந்து சிரிப்பு. அவருடைய தமிழுக்கு ஒரு சிரிப்பு, என் மீசைக்கு ஒரு சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

தந்திக் காட்சி வந்தது. தம்பி கத்த வேண்டும், அண்ணன் “எனக்கு மனசு வரல” என்று திமிராகச் சொல்ல வேண்டும். நான் கத்தினேன். “ஏன் தந்தி அடிக்கல?”

கைலாசம் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அடிச்சேன்.”

வேலாயுதம் மாமா எழுந்து நின்றுகொண்டிருந்தார். தம்பி இருந்த திசையில் அவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். என் மீசையைப் பார்த்து, என்னைத் தம்பியாக வைத்துத்தான் பேசினார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. வசனம் எதுவும் நினைவில்லை. குரலைத் தாழ்த்தி, “அப்ப ஏன்ணே எனக்கு நேரத்துக்கு வரல?” என்று கேட்டேன்.

“மறுநாள்தான் அடிச்சேன். அதுக்குள்ள நீ கெளம்பிட்ட” என்றார். “அன்னைக்கே போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். தாளை வாங்கி வச்சுக்கிட்டு மூடுற வரைக்கும் உக்காந்திருந்தேன். அம்மான்னு எழுதிட்டேன். அதுக்கு அடுத்த வார்த்தைய என்னால எழுத முடியல.”

இடது பக்கக் கடைசியிலிருந்து கோபால் மாமாவின் குரல் வந்தது. பதினோரு ஆண்டுக்குப் பிறகு அண்ணனோடு பேசிய குரல்.

“இத ஏன் அன்னைக்கே சொல்லல?”

“நீ கேக்கல.”

“கேட்டேன். இந்தத் தெருவுக்கே தெரியும் நான் கேட்டது.”

“கத்தின. கேக்கல” என்றார் அண்ணன்.

கோபால் மாமா எழுந்தார். கூட்டம் வழி விட்டது. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை அவர் நடந்து வந்ததை நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அடிக்கப் போகிறாரா? கட்டிப் பிடிக்கப் போகிறாரா? அண்ணன் எதிரில் வந்து நின்றார். பெஞ்சைப் பார்த்தார்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றார்.

அண்ணன் தள்ளி உட்கார்ந்தார். தம்பியும் உட்கார்ந்தார். அவ்வளவுதான். என் மீசையின் ஒரு பக்கம் கண்ணீரில் ஊறி விழுந்துவிட்டது. யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் அதிகாரி ஞானத்தின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். ஞானம் ஏதோ சொன்னார். அதிகாரி தலையை ஆட்டினார். பிறகு கை தட்டினார். திடலே கை தட்டியது.

என்ன சொன்னார் ஞானம்? பிறகு ஒரு நாள் அவரே என்னிடம் சொன்னார். கூட்டத்துக்குள்ளும் இரண்டு நடிகர்களை உட்கார வைத்திருக்கிறார்கள், இது புதுமாதிரி நாடகம் என்றாராம். அலுவலகத்தில் அன்று என்னைப் பார்த்த பார்வைக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. அந்த வீடு எங்கே இருக்கிறது என்று அவருக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் நாடகத்தில் இன்னும் பாதி பாக்கி. சாமான் சரிந்து இருவரும் சாக வேண்டும். பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சாவது? நான் கைலாசத்திடம் போய், “அண்ணே, இந்தச் சாமானெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றேன். நாங்கள் ஒத்திகை பார்க்காத வசனம். அவருக்குப் பாவம் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் என் கை சாமான் பக்கம் நீண்டிருந்ததைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார்.

“பாகி சாஜா லா” என்றார் மலாயில். கொடுத்துவிடு, அவ்வளவுதானே!

திடல் வெடித்துச் சிரித்தது. நான் பின்கட்டுப் பெண்களை மேடைக்கு அழைத்தேன். அவர்கள் வரிசையாக ஏறினார்கள். ஒவ்வொருவர் கையிலும் துணி, நூல், ஊசி, பாத்திரம் என்று எடுத்துக் கொடுத்தோம். அதிகாரியின் கண் முன்னாலேயே, நாடகத்தின் கடைசிக் காட்சியாக, இரண்டு மலையும் கரைந்தன.

அதிகாரி எழுந்து மேடைக்கு வந்தார். சாமான்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். சைக்கிள் டயர் இரண்டை எடுத்தார். அழுத்திப் பார்த்தார். தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

கோபால் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த புது டயர்கள் அவை. போகட்டும் என்றார். அன்று யார்தான் எதைப் பற்றி வருத்தப்பட்டோம்? திடலின் ஒரு மூலையில் கிழங்கு குவிந்து கிடந்தது. பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடினார்கள். கைலாசத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்போங் செட்டி முழுக்கச் சுற்றினார்கள். அவர் எல்லோரிடமும் வேலாயுதம் மாமாவைக் காட்டி, அண்ணனாக நடிப்பதில் அவர் தன்னைவிடக் கெட்டிக்காரர் என்று மலாயில் சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாள் காலை அந்த வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் சேர்ந்து திறந்திருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்வாசலில் நின்றால் பின்பக்கத்து வாழைமரம் தெரிந்தது! நடுக்கூடத்தில் இருவரும் தரையில் உட்கார்ந்து அம்மாவின் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்தார்கள். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள், ஆளுக்கு ஒன்று. மற்றதையெல்லாம் பள்ளிக்குக் கொடுத்து அனுப்பினார்கள். பின்கட்டுப் பிள்ளைகள் ஒரு மாதம் முழுக்க நூல் சேலைக் கவுன் போட்டுக்கொண்டு என்னிடம் ஜப்பானிய எண்கள் படித்தார்கள்.

அந்த அண்ணன் தம்பியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பழைய சாமானைச் சேர்த்து வைக்கிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் உள்ளே சேர்த்து வைப்பவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? அவர்களுடைய வீடுகள் பார்க்கச் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

போர் முடிந்தது. சயாமிலிருந்து கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். நிறையப் பேர் வரவில்லை. வேலாயுதம் மாமாவும் கோபால் மாமாவும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அதே வீட்டில் இருந்தார்கள். கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ. தினமும் சண்டை. குழம்புக்கு உப்பு கூட என்று சண்டை, ரேடியோ சத்தம் கூட என்று சண்டை. தெருக்கோடி வரை கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எங்களுக்கோ அதைக் கேட்டால்தான் சோறு இறங்கும்.

ஆமாம்... நீங்கள் உங்கள் அண்ணன் தம்பியோடு கடைசியாக எப்போது சண்டை போட்டீர்கள்? ரொம்ப நாளாகிவிட்டது என்றால், கொஞ்சம் கவலைப்படுங்கள்.